அத்தியாயம் 6: தவளைக்கு உடம்பு சரியில்லையா, முதலில் தண்ணீரைப் பாருங்கள்

தொட்டியில் வளர்க்கும் தவளை சில நாட்களாக இரையைத் தொடவில்லை, பின்னங்காலை மடக்காமல் நீட்டிப் போட்டுக் கிடக்கிறது, அடிவயிறு லேசாகச் சிவந்திருக்கிறது என்றால், வீட்டில் முதலில் எழும் கேள்வி “என்ன மருந்து போடலாம்?” என்பதுதான். கொளத்தூர் மீன் கடையில் கிடைக்கும் நீலச் சொட்டு மருந்து, மெடிக்கலில் வாங்கிய களிம்பு, அடுக்களை மஞ்சள்தூள் என்று கைக்கு எட்டியதெல்லாம் தொட்டிக்குள் போகிறது. இப்படிப் போட்ட மருந்தால் பிழைத்த தவளைகளைவிட அதனால் சீக்கிரம் செத்தவைதான் அதிகம் இருக்கும் என்பது என் எண்ணம். வீட்டில் இருப்பவர் செய்யக்கூடிய வைத்தியத்தில் பெரும்பங்கு தண்ணீரிலும் சூட்டிலும் அமைதியிலும் அடங்கிவிடுகிறது. மருந்து என்பது கால்நடை மருத்துவர் கையில் இருக்கவேண்டிய பொருள். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் வசிப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். இங்கே வீட்டுக்கு வரும் தண்ணீரும் காற்றும் வேறு ஊர்களில் எழுதப்பட்ட வளர்ப்புக் குறிப்புகள் நினைத்துப் பார்க்காத நிலையில் இருக்கின்றன.

காரணம் தவளையின் தோலில் இருக்கிறது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில் உள்ள மெல்லிய தோலை ஈரத்தில் பதித்து உட்கார்ந்து, அதன் வழியே உடம்புக்கு வேண்டிய நீரை உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான் நடக்கிறது. டென்மார்க் நாட்டு விஞ்ஞானி ஹான்ஸ் உஸ்ஸிங் 1950களின் தொடக்கத்தில் தவளைத் தோலை இரண்டு உப்புக் கரைசல்களுக்கு நடுவே திரைபோலப் பொருத்தி, அந்தத் தோல் தன் சொந்த முயற்சியால் சோடியத்தை வெளியிலிருந்து உள்ளே இழுப்பதை மின்னோட்டமாகவே அளந்து காட்டினார். உயிரணுக்கள் உப்பை எப்படிக் கடத்துகின்றன என்ற அறிவுக்கே அது அடித்தளமானது. நமக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரடியானது. தவளை உட்கார்ந்திருக்கும் தண்ணீரில் உள்ளதெல்லாம் கொஞ்ச நேரத்தில் தவளையின் ரத்தத்தையும் எட்டிப் பார்த்துவிடும். நாய்க்கும் பூனைக்கும் தண்ணீர் ஒரு தேவை. தவளைக்கு அது தேவை மட்டுமல்ல, உடம்பின் நீட்சி.

அப்படியானால் வடசென்னை வீட்டில் எந்தத் தண்ணீரை ஊற்றுவது? மெட்ரோ வாட்டர் குழாயில் வருவது புழல் ஏரித் தண்ணீராகவோ, காட்டுப்பள்ளியில் 2010-ல் தொடங்கிய, நாளுக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையின் தண்ணீராகவோ இருக்கலாம். இரண்டிலும் குளோரின் உண்டு. அது மனிதருக்கு நல்லது, தவளைத் தோலுக்கு எரிச்சல். ஒரு வாளியில் பிடித்து 24 மணி நேரம் திறந்து வைத்தால் குளோரின் பெருமளவு போய்விடும். ஆனால் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமைன் ஆகிவிட்டால் அது இவ்வளவு எளிதில் போகாது. ஆகவே மீன் கடையில் ‘ஆன்டி குளோரின்’ என்று விற்கும் சோடியம் தயோசல்பேட்டை, புட்டியில் போட்டிருக்கும் அளவுப்படி சேர்ப்பது பாதுகாப்பு. போர் தண்ணீரை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடிக்குள் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுக் கதை. தண்டையார்பேட்டையில் 2013-ல் பூமிக்கடியில் போன குழாயிலிருந்து கசிந்த எண்ணெய் வீட்டு போர் தண்ணீரிலேயே வந்தது. லாரித் தண்ணீர் எங்கே நிரப்பப்பட்டது என்று தெரியாதவரை அதையும் இதே கணக்கில்தான் வைக்கவேண்டும். கேன் தண்ணீர் சுத்தம்தானே என்று கேட்பார்கள். சுத்தம்தான், ஆனால் ஆர்.ஓ. இயந்திரம் உப்பையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. உப்பே இல்லாத தண்ணீரில் கிடக்கும் நோயுற்ற தவளையின் உடம்பிலிருந்து உப்பு வெளியே கசிகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது, ஏற்கெனவே களைத்த சிறுநீரகம் அதை வெளியேற்றத் திணறுகிறது. குளோரின் நீக்கிய மெட்ரோ தண்ணீர்தான் முதல் தேர்வு. அது உப்பாக இருந்தால் பாதிக்குப் பாதி கேன் தண்ணீர் கலக்கலாம். ஆர்.ஓ. வைத்திருக்கும் வீடுகள் சிலவற்றில், தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. தவளைத் தொட்டிக்கும் அந்த எண்ணைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்ல வழக்கம்.

கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறதே, பிறகு ஏன் மாற்ற வேண்டும் என்ற கேள்விக்கு அம்மோனியாதான் பதில். தவளையின் கழிவும், தின்னாமல் செத்த பூச்சியும் தண்ணீரில் அம்மோனியாவாகின்றன. அதற்கு நிறமில்லை, குறைந்த அளவில் மணமும் தெரியாது. அது தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அவ்வளவு தீங்கில்லாதது, மற்றது தோலைச் சுலபமாகக் கடக்கும் நஞ்சு. எந்த வடிவம் எவ்வளவு என்பதைத் தண்ணீரின் காரமும் சூடும் தீர்மானிக்கின்றன. காரத்தன்மை (பி.எச்.) 7, சூடு 25 டிகிரி என்றால் மொத்த அம்மோனியாவில் நஞ்சு வடிவம் 1 சதவீதத்துக்கும் குறைவு. காரத்தன்மை 8, சூடு 30 டிகிரி ஆகிவிட்டால் அதுவே 7 சதவீதத்தைத் தாண்டுகிறது. குளிர்நாட்டுப் புத்தகம் வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றச் சொன்னால், மே மாதத் திருவொற்றியூரில் அந்தக் கணக்கு செல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதே அழுக்கு, அதே தொட்டி, ஆனால் பத்து மடங்குக்கு மேல் நஞ்சு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். தெருமுனைக் கால்வாயில், கறுத்த தண்ணீரில் தவளைகள் கத்திக்கொண்டுதானே இருக்கின்றன, வீட்டுத் தவளைக்கு மட்டும் ஏன் இத்தனை பத்தியம்? முதலாவதாக, கால்வாயில் நாம் பார்ப்பது பிழைத்தவற்றை மட்டுமே. தலைப்பிரட்டையாக இருக்கும்போதே போனவை கணக்கில் வருவதில்லை. இரண்டாவதாக, அங்கே தத்தித் திரிவது பெரும்பாலும் அழுக்கைத் தாங்கும் ஓரிரு நாட்டு இனங்கள். கடையில் வாங்கிய தென்னமெரிக்க பேக்மேன் தவளைக்கு அந்தத் தாங்குதிறன் இருக்கும் என்று நினைக்க ஆதாரமில்லை. மூன்றாவதும் முக்கியமானதும் இதுதான்: வெளியே இருக்கும் தவளை, தண்ணீர் பிடிக்காவிட்டால் ஏறி ஈரமண்ணுக்குள் போய்விடும். அந்த மண்ணில் அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ஐந்து லிட்டர் தொட்டியில் அடைபட்ட தவளைக்குப் போக இடமில்லை. நாம்தான் அதை அங்கே வைத்தோம். ஆகவே அது நகர்ந்து தப்பவேண்டிய வேலையை நாம் தண்ணீர் மாற்றிச் செய்துகொடுக்க வேண்டியிருக்கிறது.

நோயுற்ற தவளையை அலங்காரத் தொட்டியிலேயே வைத்துப் பார்க்கக் கூடாது. கூழாங்கல், தென்னைநார்த் துகள், செடி எல்லாம் அழுக்கை மறைக்கும். தவளை கல்லை விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்வதும் உண்டு. சோப்பு படாத ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும். மூடியில் சூடு போட்டுத் துளைகள். அடியில் அச்சும் வாசனையும் இல்லாத வெள்ளை டிஷ்யூ காகிதத்தை நனைத்து இரண்டு மடிப்பாக விரித்து, ஒரு பக்கம் சற்று உயர்த்தி வையுங்கள். வெள்ளைக் காகிதத்துக்கு ஒரு பயன் இருக்கிறது: மலம் கழித்ததா, அதில் ரத்தம் உண்டா, தோல் உரிந்து கிடக்கிறதா என்பதெல்லாம் பளிச்சென்று தெரியும். பேக்மேன் சரியாக நீந்தத் தெரியாத தவளை, உடம்பு சுகமில்லாதபோது ஆழத் தண்ணீரில் மூழ்கியே செத்துவிடும். அதற்குத் தண்ணீர் தாடைக்குக் கீழே நிற்கவேண்டும். வெள்ளை நிறத்தில் விற்கும் ஆப்பிரிக்க நகத் தவளை முழுக்க நீரில் வாழ்வது, ஆனால் நுரையீரலால் மூச்சுவிடுவது. அது தரையில் கால் ஊன்றியபடியே மூக்கை வெளியே நீட்டும் அளவுக்கு ஆழத்தைக் குறைக்கவேண்டும். காலையும் மாலையும் முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள். புதுத் தண்ணீரும் பழைய தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்கவேண்டும். நகைக்கடைத் தராசு போன்ற சிறு டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி, ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். தவளை நோயை ஒளிக்கும் பிராணி. அது தேறுகிறதா தேய்கிறதா என்று நம் கண் சொல்வதைவிட, கிராமில் எழுதிய ஒரு வாரக் குறிப்பு நம்பகமாகச் சொல்லும். எடை திடீரென்று ஏறினாலும் சந்தோஷப்படாதீர்கள். பட்டினியாக இருக்கும் தவளை எடை கூடுகிறது என்றால் உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது என்று பொருள். தூக்கும்போது கையை ஈரமாக்கிக்கொண்டு தூக்குங்கள், பவுடர் இல்லாத கையுறை இன்னும் நல்லது. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தவளை தன் உடம்பில் சால்மோனெல்லாவைச் சுமக்கக்கூடும், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இதில் சலுகையே கிடையாது.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். பேக்மேனுக்கு 24 முதல் 28 டிகிரி வரை ஒத்துப்போகும். நகத் தவளை தெற்கு ஆப்பிரிக்காவின் குளிர்ந்த குட்டைகளிலிருந்து வந்தது, அதற்கு 20-ஐ ஒட்டிய சூடுதான் பிடிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட காசிமேட்டு வீட்டிலோ, வாரியக் குடியிருப்பின் மேல்மாடியிலோ மே மாத நண்பகலில் டப்பாத் தண்ணீர் 33, 34 என்று போய்விடும். ஈரச் சாக்கு சுற்றி மின்விசிறிக்கு எதிரே வைப்பது நம் ஊர் முறை, நல்ல முறை. ஆனால் அது காற்று வறண்டிருந்தால்தான் முழுப்பலன் தரும். மேல்காற்று வீசும் முற்பகலில் நன்றாகக் குளிரும், கடல்காற்று நுழைந்து காற்று ஈரமானதும் 27, 28-க்குக் கீழே இறங்குவது கடினம். பேக்மேனுக்கு அதுவே போதும். நகத் தவளைக்குப் போதாது. தண்ணீர் உறைந்த புட்டியைத் துணியில் சுற்றி டப்பாவுக்கு வெளியே அணைத்து வைக்கலாம், ஐஸ்கட்டியை உள்ளே போடவே கூடாது. ஏ.சி. அறையில் வைத்துவிடலாமே என்றால், ஆம், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. காரணத்தை அடுத்துச் சொல்கிறேன்.

“தண்ணீரும் சூடும் சரி, ஆனால் கிருமியால் வந்த நோய் தண்ணீர் மாற்றினால் போகுமா?” என்பது இந்த அத்தியாயத்தின் வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வி. போகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிருமி எப்படிக் கொல்கிறது என்று பாருங்கள். 1999-ல் பெயரிடப்பட்ட கைட்ரிட் பூஞ்சை உலகெங்கும் குறைந்தது 501 நீர்நில வாழ்வன இனங்களைச் சரியவைத்தது, அவற்றில் 90 அழிந்தேவிட்டதாகக் கருதப்படுகின்றன என்று 2019-ல் வெளியான உலகளாவிய ஆய்வு கணக்கிட்டது. அந்தப் பூஞ்சை உள்ளுறுப்புகளை அரிப்பதில்லை. தோலில் மட்டுமே வளர்கிறது. 2009-ல் வெளியான ஆய்வு ஒன்று, பூஞ்சை பிடித்த தோல் உப்பைக் கடத்தும் வேலையை இழக்கிறது, ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் சரிகின்றன, கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது என்று காட்டியது. உஸ்ஸிங் அளந்த அதே கதவு அடைபடுவதுதான் சாவுக்குக் காரணம். கால் சிவக்கும் நோயோடு சேர்த்துச் சொல்லப்படும் ஏரோமோனாஸ் பாக்டீரியாவும் சாதாரணத் தண்ணீரிலேயே இருப்பது. அழுக்கிலும் சூட்டிலும் தளர்ந்த தவளையில்தான் அது கைவரிசையைக் காட்டுகிறது. ஆகவே கிருமி நோயிலும் தண்ணீர்ப் பராமரிப்பு மருந்துக்கு மாற்று ஆகாது, ஆனால் மருந்து வேலை செய்வதற்கான அவகாசத்தை அதுதான் வாங்கித் தருகிறது. ஏ.சி.க்கு எல்லை சொன்னதும் இதனால்தான். கைட்ரிட் 17 முதல் 25 டிகிரி வரை செழிக்கும், 28-ஐத் தாண்டினால் தளரும். பேக்மேனை 20 டிகிரி அறையில் வைப்பது அதற்கும் ஆகாது, பூஞ்சைக்கோ விருந்து. 25, 26-ல் நிறுத்துங்கள்.

வீட்டு மருந்துகள் ஏன் கூடாது என்பதும் இதே தோலிலிருந்து விளங்கும். வலிக்கான களிம்புகள் சிலவற்றில் பென்சோகெயின் இருக்கிறது. தவளையை மயக்கவும், அளவு கூட்டி வலியின்றிச் சாகவைக்கவும் மருத்துவர்கள் பயன்படுத்தும் பொருள் அது. தேங்காயெண்ணெயும் வேப்பெண்ணெயும் மூச்சுவிடும் தோலைப் பூசி அடைத்துவிடும். மஞ்சள்தூள் காயத்துக்கு நல்லது என்ற நம் அனுபவம் உலர்ந்த, தடித்த மனிதத் தோலைப் பற்றியது. மெடிக்கலில் வாங்கும் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. தவளையின் ரத்தத்துக்கு ஒப்பான கரைசலிலோ ஏறத்தாழ 6.5 கிராம்தான். சலைனில் அப்படியே உட்காரவைத்தால் உடம்பிலிருந்து நீர் வெளியே இழுக்கப்படும். மருத்துவர் சொல்லாமல் உப்புக்குளியல் கொடுக்காதீர்கள். மீனுக்கான மருந்தின் அளவு மீனுக்கே கணக்கிடப்பட்டது, தவளையோ அதைத் தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்ளும்.

இந்த வட்டாரத்தில் காற்றையும் தண்ணீரின் ஒரு பகுதியாகவே நினைக்கவேண்டும். ஈரத்தோலிலும் திறந்த டப்பாவிலும் காற்றில் வருவது கரைகிறது. கொசுவர்த்தி, செருகி வைக்கும் திரவக் கொசுவிரட்டி ஆகியவற்றில் இருப்பது பைரித்ராய்டு வகை நஞ்சு. தவளை இருக்கும் அறையில் அவை வேண்டவே வேண்டாம், வலை கட்டிக்கொள்ளுங்கள். மாநகராட்சியின் கொசுப்புகை அடிக்கும் வண்டிச் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்தி டப்பாவை உள்ளறைக்கு எடுத்துப் போங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அப்படி ஒரு நெடி வந்தால் மனிதர்கள் முதலில் வெளியேற வேண்டும். கையோடு எடுக்க முடிந்தால் டப்பாவை மூடி ஈரத்துணி போர்த்தி எடுங்கள், பாதுகாப்பான இடம் சேர்ந்ததும் முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள். அம்மோனியா தண்ணீரில் மிக எளிதாகக் கரையும் வாயு. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. அந்த நீர்நிலைகளிலிருந்து பாசியோ, செடியோ, இரையோ எடுத்துவரக் கூடாது என்பதற்கு இனி விளக்கம் தேவைப்படாது.

இரை விஷயத்தில் ஒன்றிரண்டு சொன்னால் போதும். டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடை ஓடைகளில் அள்ளப்படுவது, நோயாளித் தவளைக்கு அதைத் தராதீர்கள். வீட்டுக் கரப்பான் ஏற்கெனவே மருந்துச் சாக்பீஸில் நடந்திருக்கலாம். வளர்த்த சில்வண்டும், சுத்தமான இடத்து மண்புழுவும் நல்லவை. சில்வண்டின் மேல் கால்சியத் தூள் தூவவேண்டும், இல்லாவிட்டால் தாடையெலும்பே மெத்தென்று வளைந்துபோகும். சாப்பிடாத தவளையின் வாயைப் பிளந்து ஊட்டாதீர்கள். நல்ல உடம்போடு இருந்த முதிர்ந்த பேக்மேன் ஒன்றிரண்டு வாரம் பட்டினி தாங்கும், பிளந்த தாடை தாங்காது.

எப்போது வண்டி ஏறவேண்டும்? மல்லாக்கப் போட்டால் திரும்பிப் படுக்க முடியாத தவளை, ஆசனவாயில் சிவந்த சதை வெளியே வந்த தவளை, உடம்பு பலூன்போல் ஊதிய தவளை, ஒரு வாரத்தில் எடையில் பத்தில் ஒரு பங்கு இழந்த தவளை ஆகியவற்றுக்கு வீட்டில் காத்திருக்கக் கூடாது. வேப்பேரியில் உள்ள, 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வடசென்னைக்குப் பக்கம்தான். போகும்போது எடைக் குறிப்பு, தொட்டித் தண்ணீர் ஒரு புட்டியில், மலம் பட்ட காகிதம் ஒரு கவரில், அதுவரை போட்ட எல்லா மருந்தின் பெயரும் எடுத்துச் செல்லுங்கள். சில நூறு ரூபாய்த் தவளைக்கு இவ்வளவு செலவா என்று வீட்டில் கேட்பார்கள். விலை கடைக்காரர் நிர்ணயித்தது. அடைத்து வைத்த உயிரின் வலிக்குப் பொறுப்பு, அடைத்தவருடையது. தேறாது என்று மருத்துவர் சொன்னால் வலியின்றி முடித்து வைப்பதும் சிகிச்சையில் சேர்ந்ததே. உறைபெட்டியில் வைத்துக் கொல்வது அந்தக் கணக்கில் வராது.

மழைக்காலத்தில் வாசலில் அடிபட்டுக் கிடக்கும் நாட்டுத் தவளை வேறு விஷயம். அது வளர்ப்புப் பிராணி ஆகாது. 1987-ல் தவளைக்கால் ஏற்றுமதியையே தடைசெய்த நாடு இது. ஓர் இரவு ஈரத்துணிப் பெட்டியில் நிழலில் வைத்திருந்து, எடுத்த இடத்திலேயே விடுங்கள், காயம் பெரிதென்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அதன் டப்பாவையும் உங்கள் தவளையின் டப்பாவையும் ஒருபோதும் மாற்றிப் புழங்காதீர்கள். அதேபோல், பார்க்க முடியவில்லை என்று கடைத் தவளையைப் புழல் ஏரியிலோ கால்வாயிலோ விடுவதும் கருணை ஆகாது. நகத் தவளை தனக்கு நோய் வராமலே கைட்ரிட்டைச் சுமக்கவல்லது. நம் ஊர்ப் பெருந்தவளையே அந்தமானுக்குப் போய்ச் சேர்ந்து, அங்குள்ள சிற்றுயிர்களைத் தின்று தீர்க்கும் வந்தேறியாகிவிட்டது.

நோய்த் தொட்டித் தண்ணீரையும் அப்படியே வாசல் மழைநீர்க் கால்வாயில் கொட்டாதீர்கள். வாளியில் ஊற்றி, பிளீச்சிங் பவுடர் கலந்து, மூக்கில் நெடி ஏறும் அளவுக்கு இருக்கிறதா என்று பார்த்து, அரைமணி கழித்துக் கழிப்பறையில் ஊற்றுங்கள். காகிதத்தைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். டப்பாவையும் இடுக்கியையும் அதே பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக அலசி, மொட்டை மாடி வெயிலில் ஒரு பகல் முழுக்கக் காயவிடுங்கள். முழுதாக உலர்ந்தால் கைட்ரிட் பிழைக்காது. மறுபடி பயன்படுத்தும் முன் முகர்ந்து பாருங்கள். குளோரின் வாசனை துளி மிச்சம் இருந்தாலும் இன்னொரு முறை அலசவேண்டும்.